மரமும் மரத்துப்போன கையும்

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. காலை ஏழு மணி, கண்ணாடி முன்னால் நிற்கிறேன். வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பொத்தானைப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. முந்தின நாள் முழுக்க ஒரு புத்தக அலமாரிக்கு உப்புத்தாள் மெஷின் ஓட்டியிருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து எழுந்து, உதறிவிட்டுப் படுத்தேன். விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பு. கடைசியில் மனைவிதான் பொத்தான் போட்டுவிட்டாள். "மரத்தை இழைச்சு இழைச்சு கையே மரமாயிடுச்சா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தொழில்முறை ஆசாரி இல்லை. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் வீட்டுப் பின்னறையில் மரத்தூளுக்கு நடுவே சந்தோஷமாக இருக்கிறவன். பன்னிரண்டு வருடமாக இந்தப் பழக்கம். ஐம்பதைத் தாண்டியபின் முதலில் கீழ்முதுகு பிடித்தது, அப்புறம் கழுத்து, பிறகு முழங்கையின் வெளிப்பக்கம். எல்லாவற்றையும் வயசுக் கணக்கில் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். பொத்தான் விஷயத்துக்கு அப்புறம்தான் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போனேன்.

அவர் கையைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன், "வேலை செய்யற மாதிரி நின்னு காட்டுங்க சார்" என்றார். காட்டினேன்.

"இடது கை என்ன பண்ணுது?"

"பலகையைப் பிடிச்சிருக்கு."

"வலது கை?"

"மெஷினைப் பிடிச்சிருக்கு. கொஞ்சம் அமுக்கும்."

"முதுகு?"

"குனிஞ்சிருக்கு."

"இதுல எதுக்கு எப்ப ஓய்வு?"

பதில் இல்லை என்னிடம். அவர் விளக்கியது இவ்வளவுதான்: தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது ரத்தம் உள்ளே வரும், போகும். ஒரே பிடியில் இறுகி நின்றால், இறுகிய தசையே ரத்தக் குழாயை அழுத்தும். வரவேண்டிய ஆக்ஸிஜன் வராது, கழிவும் வெளியேறாது. இருபது கிலோவைத் தூக்கி இறக்குகிறவனைவிட இரண்டு கிலோவை அரை மணி நேரம் அப்படியே தாங்கி நிற்கிறவன் சீக்கிரம் துவண்டுபோவான்.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். செல்போனை அலமாரி மேல் சாய்த்து வைத்து, ஒரு மணி நேரம் நான் வேலை செய்வதைப் படம் எடுத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் உளியோ ரம்பமோ மரத்தைத் தொட்டிருந்தது கால் மணி நேரம்கூடத் தேறாது. மீதியெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்பது, முட்டுக் கொடுப்பது, தரையிலிருந்து எதையோ எடுப்பது, குனிந்து கோட்டை உற்றுப் பார்ப்பது. ஒரு இடத்தில் பலகையை முழங்காலால் அமுக்கி, இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையால் அறுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பேர் வேலையை ஒரே உடம்பு செய்கிறது, அதில் இரண்டு பேர் வேலை வெறும் பிடிக்கிற வேலை. அன்றைக்கு முடிவு செய்தேன்: அறுப்பதும் இழைப்பதும் என் வேலை, பிடிப்பது என் வேலை இல்லை. அதற்கு மேசை இருக்கிறது, ஆப்பு இருக்கிறது, புவியீர்ப்பும் இருக்கிறது. கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் மேசை. என்னுடையது பழைய எழுதும் மேசை, 75 செ.மீ. உயரம். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்காகச் செய்தது. அதன்மேல் நின்றுகொண்டு கோடு போடுவது, உளி பிடிப்பது, இணைப்பு வெட்டுவது எல்லாம் செய்தால் முதுகு வேறெப்படி இருக்கும்? வேலை மேசை உயரத்துக்கு எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. உங்கள் உடம்பில் அளக்க வேண்டும். வேலை செய்யும்போது போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து விரல் முட்டி, மணிக்கட்டு மடிப்பு, முழங்கை, இந்த மூன்று உயரத்தையும் வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் கணக்கு தப்பும். எனக்கு முட்டி 74, மணிக்கட்டு 83, முழங்கை 105 செ.மீ.

உடம்பின் எடையைப் போட்டு இழைக்கிற வேலைக்கு மேசை தாழ்வாக இருக்கலாம், முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே. ரம்பம் போட்டு நாக்கு, அதாவது இன்னொரு சட்டத்தின் துளைக்குள் நுழைகிற முனை, அறுக்கும் நுணுக்க வேலை முழங்கை உயரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே மேசை ஒத்துவராது. ஆனால் இரண்டு மேசைக்கு என் அறையில் இடமில்லை. அதனால் மேசைக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து, ஏறக்குறைய மணிக்கட்டு உயரமான 84 செ.மீ.க்கு உயர்த்தினேன். நுணுக்க வேலைக்கென்று 20 செ.மீ. உயரத்தில் ஒரு குட்டி மேசை செய்து, தேவைப்படும்போது பெரிய மேசைமேல் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்கிறேன். நான்கு சட்டம், மேலே ஒரு பலகை, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையின் வேலை. இத்தனை வருடத்தில் நான் செய்த சாமான்களிலேயே அழகில்லாதது அதுதான், அதிகம் உதவியதும் அதுதான். அதில் முதல் தடவை நிமிர்ந்து நின்று ஒரு நாக்கை அறுத்தபோது, பக்கத்தில் யாரோ பாரத்தை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒன்று கவனியுங்கள். மேசை உயரம் என்பது மேசைப் பலகையின் உயரம் மட்டும் கிடையாது. அதன்மேல் 10 செ.மீ. கனமுள்ள சட்டத்தை வைத்தால் உங்கள் கை அந்தச் சட்டத்தின் மேல்தான் இருக்கும். நான் அளவெடுத்து உயர்த்திய மேசையில், அடுத்த வாரமே ஒரு தடிமனான கால் கட்டையை இழைத்துத் தோள்வலி வாங்கிக்கொண்டேன். இப்போது தடிமனான மரம் வந்தால் தரையில் ஒரு தடிப் பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொள்கிறேன்.

அடுத்தது பிடிமானம். இதில் எனக்குக் கண் திறந்துவிட்டவர் ஒரு வயதான ஆசாரி. எழுபது கடந்தவர், இன்றும் வேலைக்குப் போகிறார். நான் பலகைகளை ஒட்டுவதற்காக வரிசையாக ஏழெட்டு கிளாம்பை நெற்றி நரம்பு புடைக்கத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆப்பு ஒண்ணு வெட்ட முடியாதா தம்பி?" என்றார்.

அவர் காட்டியது இதுதான். ஒரு தட்டையான அடிப்பலகையில், ஒட்டப்போகும் பலகைகளின் மொத்த அகலத்தைவிட இரண்டு விரல் கூடுதல் இடைவெளி விட்டு, இரண்டு சட்டங்களைத் திருகி இறுக்க வேண்டும். நடுவில் பசை தடவிய பலகைகள். மிஞ்சிய இரண்டு விரல் இடத்தில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரண்டு ஆப்புகள். சுத்தியலால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்ட, பசை கோடு போட்டு வெளியே பிதுங்குகிறது. திருகலும் இல்லை, கட்டைவிரல் வலியும் இல்லை. பலகைகள் நடுவில் தூக்கிக்கொள்ளாமல் இருக்க மேலே கனமான ஏதாவது ஒன்று, அடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள். நான் பத்து வருடம் கிளாம்ப் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பிடித்துக்கொள்கிற வேலையை ஒவ்வொன்றாகக் கையிலிருந்து கழற்றினேன். இழைப்பதற்கு, மேசையின் கோடியில் மெல்லிய பட்டை ஒன்றைத் திருகி வைத்திருக்கிறேன். பலகை அதில் போய் முட்டி நிற்கும். பக்கவாட்டில் நகராமல் இருக்க, ஒரு பலகைத் துண்டில் கவட்டை மாதிரி வெட்டு வெட்டி, அதைப் பலகையின் பின்மூலையில் அணைத்து ஒரே ஒரு கிளாம்ப். பலகையைத் திருப்ப வேண்டுமென்றால் அப்படியே தூக்கித் திருப்பலாம், எதையும் கழற்ற வேண்டாம். சின்னத் துண்டுகளை அறுக்க, மேல்புறம் ஒரு கட்டையும் அடிப்புறம் எதிர்முனையில் ஒரு கட்டையும் வைத்த ஒரு முழப் பலகை. அடிக்கட்டை மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல்கட்டையில் மரத்தைச் சாய்த்து அறுத்தால் ரம்பம் தள்ளுகிற விசையே மரத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்புத்தாள் போடும்போது அலமாரித் தட்டில் விரிக்கிற ரப்பர் வலை போதும், பலகை அசையாது. இவை எதற்கும் காசு என்று பெரிதாக ஆகவில்லை. கழிவு மரமும் ஒரு மத்தியானமும்தான்.

கூர்மை பற்றி எல்லாரும் சொல்வார்கள், நானும் தலையாட்டிக் கேட்டவன்தான். ஆனால் மழுங்கிய உளி உடம்பை எப்படித் தின்கிறது என்பதை அப்போது யோசிக்கவில்லை. உளி வெட்ட மறுத்தால் கை அதிகம் தள்ளும். அதிகம் தள்ளுவதற்குப் பிடி இறுகும், பிடி இறுகினால் முழங்கைவரை நரம்பு இழுக்கும். வெளிப்பக்க முழங்கை வலிக்கு டென்னிஸ் எல்போ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. மழுங்கிய உளியும் கையால் திருகிய திருப்புளியுமே எனக்கு அதைத் தந்தன.

உளி மழுங்கிவிட்டதா என்று பார்க்க, மென்மரத்தைக் குறுக்காக அறுத்த முகத்தில் ஒரு சீவு சீவிப் பாருங்கள். கூராக இருந்தால் வெட்டின இடம் மினுமினுக்கும். மழுங்கியிருந்தால் நார் நொறுங்கி வெளுத்துப் பொடிந்து நிற்கும். எனக்குச் சாணை பிடிப்பதில் இருந்த சிக்கல் சோம்பேறித்தனம்தான். கல்லை எடுக்க வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், துணி தேட வேண்டும். அதனால் "இன்னும் நாலு வெட்டு" என்று தள்ளிப்போடுவேன், அந்த நாலு வெட்டுதான் முழங்கையைக் கெடுத்தது. இப்போது ஜன்னலோரம் ஒரு சின்னத் தட்டில் கல், தோல் பட்டை எல்லாம் எப்போதும் விரித்தபடி கிடக்கின்றன. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோல் பட்டையில் பத்து இழுப்பு. 1000 எண் கல்லுக்குப் போவது அரிதாகிவிட்டது. உளியை 25 டிகிரியில் தீட்டி, நுனியை மட்டும் 30 டிகிரியில் தேய்த்து வைத்திருப்பதால் திரும்பத் தீட்டும்போது தேய்க்க வேண்டியது ஒரு மயிரிழை அகலம்தான். இது நேரத்தை மட்டுமில்லை, விரல்களையும் காப்பாற்றுகிறது. சாணை பிடிப்பதும் விரல்களை இறுக்கி வைக்கிற வேலைதானே.

மெழுகுவத்தி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இழைப்புளியின் அடிப்பாகத்தில் மெழுகுவத்தியால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கிறுக்கு கிறுக்குங்கள். அடுத்த தள்ளலில் இழைப்புளி வழுக்கிக்கொண்டு ஓடும். முதல் தடவை நான் பழைய பலத்திலேயே தள்ளி, மேசைக் கோடியைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்தேன். ஐந்தாறு தள்ளலுக்கு ஒருமுறை மறுபடி ஒரு கிறுக்கு. ரம்பத்தின் தகட்டிலும் பூசலாம், திருகாணிப் புரியிலும் பூசலாம். திருகாணிக்குச் சோப்பு பூசுகிறவர்கள் உண்டு. சோப்பு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும், மெழுகே நல்லது.

இழைப்பதில் இன்னொரு பாடம் கால்களைப் பற்றியது. முன்பு நின்ற இடத்தில் நின்றுகொண்டு தோளால் தள்ளுவேன். இப்போது இடது காலை முன்னே வைத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி, பின்காலிலிருந்து முன்காலுக்கு உடம்பைச் சாய்க்கிறேன். கை வெறும் இணைப்புக் கம்பி, இன்ஜின் கால்தான். கைப்பிடியை மூன்று விரலால் பிடித்து ஆட்காட்டி விரலை முன்னே நீட்டி வைத்தால் இறுக்கிப் பிடிக்கவே முடியாது. ரம்பத்துக்கும் அதே பிடி. ரம்பத்தின் எடையே வெட்டப் போதும், கீழே அமுக்க வேண்டாம். அமுக்கினால் கோடும் விலகும்.

பொத்தான் விஷயத்துக்கு வருகிறேன். கை மரத்ததற்குக் காரணம் அதிர்வும் பிடியும் சேர்ந்தது. மணிக்கட்டின் குறுகலான பாதையில் போகிற நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும். இரவில்தான் அதிகம். சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. குளிரில் விரல் நுனி வெளுத்துப்போகிறது என்றால் அது அதிர்வு ரத்தக் குழாய்களைக் கெடுத்ததன் அடையாளமாக இருக்கலாம். முற்றிவிட்டால் முழுதாகத் திரும்பாது. இதில் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். எனக்கு ஆறு வாரம் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டை கட்டச் சொன்னார்கள், அந்த ஆறு வாரமும் மெஷின் பக்கம் போகவில்லை. மரப்பு விலகியது.

மெஷினோடு வருகிற கையேட்டை நாம் யாரும் படிப்பதில்லை. அதில் அதிர்வு அளவு என்று ஒரு எண் (மீ/வி² அலகில்) இருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலை நாளுக்குச் சராசரி அதிர்வு 2.5-ஐத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க ஆரம்பிக்க வேண்டும், 5 என்பது தாண்டவே கூடாத எல்லை. இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. மெஷினின் அதிர்வு இரண்டு மடங்கானால், அனுமதிக்கப்படும் நேரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. மெஷின் அளவு 5 என்றால் 2 மணி நேரத்தில் அந்த 2.5 கணக்கு நிரம்பிவிடும். 10 என்றால் அரை மணி நேரத்தில். நானோ ஒரு நாள் முழுக்க ஓட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு உப்புத்தாள் மெஷினை ஓட்டும் விதம் மாறியது. மேலே அமுக்குவதே இல்லை, மெஷினின் எடை மட்டும்தான். அமுக்கினால் வட்டு சுழற்சி குறைகிறது, அதிர்வு கூடுகிறது, மரத்தில் சுருள் சுருளாகக் கீறல் விழுகிறது. கையைத் தளர்த்தி, அலைந்து திரியவிட்டு, திசை மட்டும் காட்டினால் போதும். அமுக்கத் தோன்றுகிறது என்றால் தாள் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தாளை மாற்றுங்கள். தாளை மிச்சம் பிடித்து மணிக்கட்டைச் செலவழித்த மகாபுத்திசாலி நான். மெஷினோடு சேர்ந்து இழுபடுகிற தூசிக் குழாயை மேலே கூரையிலிருந்து ஒரு கயிற்றில் தொங்கவிட்டதும் நல்ல மாற்றம். குழாயின் எடையும் இழுப்பும் அதுவரை என் மணிக்கட்டில்தான் இருந்தன.

உண்மையில் உப்புத்தாள் வேலையையே பாதியாகக் குறைத்துவிட்டேன். 80, 120, 180 எண் தாள்களோடு முடித்துக்கொள்கிறேன், அதற்கு மேல் போவதில்லை. கூரான இழைப்புளியும் சுரண்டு தகடும் இருந்தால் 80-க்கே தேவை வராது. சுரண்டு தகடு என்பது சீட்டுக்கட்டுச் சீட்டைவிடக் கொஞ்சம் பெரிய எஃகுத் தகடு. இரண்டு கட்டைவிரலால் லேசாக வளைத்துத் தள்ளினால் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய சுருள் வரும். ஒரே குறை, பத்துத் தள்ளலில் தகடு சூடாகிக் கட்டைவிரலைச் சுடும். குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டுகிற பட்டைக் காந்தம் ஒன்றைத் தகட்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டால் விரலுக்கு மெத்தையாகிவிடும், சூடும் ஏறாது.

பெரிய தாள் பலகைகள். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, 18 மி.மீ. கனத்தில் எட்டுக்கு நாலடி, ஒன்று 40 கிலோ அருகில் இருக்கும். பிளைவுட் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அமெரிக்காவில் பணியிட உடல்நலத்தை ஆராயும் நயோஷ் நிறுவனம், தூக்குவதற்கு எல்லாம் சாதகமாக இருக்கிற நிலையிலேயே 23 கிலோவைத்தான் எல்லையாக வைக்கிறது. உடம்பை ஒட்டி, முறுகாமல், இடுப்பு உயரத்திலிருந்து, நல்ல பிடியோடு தூக்கினால்தான் அந்த 23. தாள் பலகையில் இந்தச் சாதகங்களில் ஒன்றுகூட இல்லை. அகலமாக இருப்பதால் உடம்பை விட்டு விலகி நிற்கும், பிடிக்க விளிம்பு மட்டும், காற்று வேறு அடித்தால் பாய்மரம்.

என் முதல் முதுகுப் பிடிப்பு இப்படித் தனியாக ஒரு தாளை மேசைமேல் தூக்கிப் போட்டதில் வந்ததுதான். இப்போது மூன்று விதத்தில் சமாளிக்கிறேன். ஒன்று, வாங்குமிடத்திலேயே தோராயமாக இரண்டாகவோ மூன்றாகவோ அறுத்து வாங்கிவிடுவது. ஒரு விரற்கடை கூடுதலாக விட்டுவிட்டால் வீட்டில் சரியாக வெட்டிக்கொள்ளலாம். இரண்டு, நகர்த்துவதற்குக் கயிறு. ஐந்தரை மீட்டர் கயிற்றை வளையமாக முடிந்து, தாளின் இரண்டு கீழ்மூலைகளிலும் மாட்டி, நடுவில் சேர்த்துப் பிடித்துத் தூக்கினால் கை இயல்பாகத் தொங்குகிற உயரத்தில் தாள் வரும். குனிய வேண்டியதில்லை. ஆனாலும் எடை எடைதான், கனமான தாளுக்கு இது இரண்டு எட்டுக்கு மட்டும். மூன்று, மேசைமேல் ஏற்றுவதற்குத் தூக்காமல் சாய்ப்பது. தாளை நிமிர்த்தி மேசை விளிம்பில் சாய்த்து, கீழ்விளிம்பை மட்டும் உயர்த்திப் படுக்கவிட்டால், ஒரு சமயத்தில் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய பாதி எடைதான். மீதியை மேசை வாங்கிக்கொள்கிறது.

இன்னொன்று, காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் கனமான எதையும் குனிந்து எடுப்பதில்லை. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் அதிகம். விடியலில் உற்சாகமாகப் பட்டறைக்குள் புகுந்து முதல் காரியமாக மரத்தைப் புரட்டுகிற பழக்கத்தை விட்டது முதுகுக்குப் பெரிய உபகாரம்.

திருகாணி வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முன்துளை போடுங்கள், மெழுகு தொடுங்கள், கையால் திருகாதீர்கள். மெஷின் வாங்கும்போது சக்தியைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். வீட்டு வேலைக்கு 12 வோல்ட்டே போதும். தட்டித் தட்டித் திருகுகிற இம்பேக்ட் டிரைவர், கடைசி இறுக்கத்தில் மணிக்கட்டை முறுக்காது. காதைப் பிளக்கும், அதனால் காது மூடி அவசியம்.

கழுத்து வலிக்கு நான் தலையணையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் விளக்கு. அறை நடுவில் இருந்த ஒற்றை விளக்கு எனக்குப் பின்னால் இருந்ததால், என் தலை நிழலே கோட்டின் மேல் விழுந்தது. கோடு தெரியக் குனிவேன், குனியக் குனிய நிழல் இன்னும் பெரிதாகும். தலையின் எடை ஐந்து கிலோ அளவு. அது தோளுக்கு நேர்மேலே இருக்கும்வரை பாரம் தெரியாது. முன்னே நீட்டினால் அந்த ஐந்து கிலோவைப் பிடரித் தசை கயிறு கட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். இதுவும் பிடிக்கிற வேலைதான் பாருங்கள். மேசையின் இடப்பக்கம் வளைகிற கழுத்துள்ள விளக்கு ஒன்றைத் தாழ்வாகப் பொருத்தினேன். சாய்வாக விழுகிற வெளிச்சத்தில் பென்சில் கோடு மட்டுமில்லை, இழைக்காமல் விட்ட மேடு பள்ளமும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கிறது.

அதோடு மூக்குக் கண்ணாடி. மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி என்னுடையது. மேசையைப் பார்க்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தாடையை மேலே தூக்குவேன். முதுகு முன்னே குனிந்திருக்க, கழுத்து பின்னே ஒடிந்திருக்கும். அந்த வீடியோவில் பார்த்தபோது ஆமை மாதிரி இருந்தேன். கண் பரிசோதகரிடம் மேசை தூரத்தை அளந்து சொல்லி, அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி வாங்கினேன். பட்டறைக் கதவில் தொங்குகிறது. உள்ளே போனால் அது, வெளியே வந்தால் பழையது.

தரையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிமென்ட் தரையில் நாள் முழுக்க நின்றால் கால் வலிக்கும், ரப்பர் விரிப்பு போட்டால் குறையும். விரிப்பைவிட எனக்கு உதவியது ஒரு மரக்கட்டை. பத்துப் பன்னிரண்டு செ.மீ. உயரக் கட்டை மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுகாலை மாற்றி வைத்தால் கீழ்முதுகு விட்டுக்கொடுக்கிறது. கோடு போடுவது, உளியால் செதுக்கித் திருத்துவது மாதிரி வேலைகளுக்கு உயரமான ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்துகொள்கிறேன். நின்றுகொண்டு செய்தால்தான் வேலை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

வீணாய்ப் போனவையும் உண்டு. இடுப்புப் பட்டை வாங்கினேன். இறுகக் கட்டியதும் பலசாலி ஆகிவிட்ட மாதிரி ஒரு தெம்பு வரும், அந்தத் தெம்பில் தூக்கக் கூடாததைத் தூக்குவேன். இடுப்புப் பட்டை முதுகுக் காயத்தைக் குறைப்பதற்கு ஆதாரமில்லை என்று நயோஷும் சொல்கிறது. அதிர்வு குறைக்கும் கையுறை என்று ஒன்று வாங்கினேன். கனமான கையுறையோடு மெஷினைப் பிடிக்க இன்னும் இறுக்க வேண்டியிருந்தது, வலி கூடியதுதான் மிச்சம். சுழலும் பிளேடோ துரப்பண அலகோ உள்ள மெஷினில் கையுறையே போடாதீர்கள். நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பாக்கி விசை மாதிரி அமுக்கி அமுக்கி இறுக்குகிற கிளாம்புகள் ஒரு டஜன் இருந்தன, கட்டைவிரல் அடி மூட்டுக்கு அவை எமன். பாதியை ஒரு இளைஞருக்குக் கொடுத்துவிட்டேன். திருகி இறுக்குகிற மற்ற கிளாம்புகளின் ஒல்லிக் கைப்பிடிகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கியிருக்கிறேன். உள்ளங்கை நிறையப் பிடி கிடைத்தால் பாதி பலமே போதும்.

நேரக் கட்டுப்பாடு எனக்கு வரவே வராது. மணி வைத்துப் பார்த்தேன், அணைத்துவிட்டுத் தொடர்ந்தேன். அதற்குப் பதில் வேலைகளைக் கலந்து வைக்கிறேன். நாலு பலகையை ஒரேயடியாக இழைத்துவிட்டு, நாலிலும் துளை வெட்டி, நாலுக்கும் உப்புத்தாள் போடுவதுதான் வேகமான முறை. நான் அப்படிச் செய்வதில்லை. ஒரு பலகை இழைப்பு, அப்புறம் உட்கார்ந்து கோடு, அப்புறம் கொஞ்சம் ரம்பம், மறுபடி இழைப்பு. வேலை கால்வாசி மெதுவாகிறது. அவசரப்பட எனக்கு வாடிக்கையாளர் யாருமில்லை.

ஒரே ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. மரத்தின் தடிமனைக் குறைக்கும் பிளேனர் மெஷின், முப்பது கிலோ சொச்சம், மேசைக்கு அடியில் தரையில் கிடக்கிறது. தேவைப்படும்போதெல்லாம் குனிந்து, மூச்சைப் பிடித்து, மேலே தூக்கி வைக்கிறேன். இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மேல்பலகை நடுவில் ஒரு கம்பியில் சுழன்று, ஒரு பக்கம் மெஷினும் மறுபக்கம் வெறும் மேசையுமாகப் புரட்டிக்கொள்கிற சக்கர வண்டி ஒன்றுக்கு வரைபடம் போட்டாயிற்று. சட்டங்களும் அறுத்துச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அவற்றின் தடிமனைக் குறைக்க அந்த மெஷினை இன்னும் ஒரு தடவை மேலே தூக்க வேண்டும். மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். அதுவரை சட்டங்கள் அங்கேயே நிற்கட்டும்.